கடைசி இடம் யாருக்கு? பாகவதர்–சிவன் படங்களின் தரவரிசை குறித்து ஒரு பாபநாசம் வட்டார ஆய்வு

ஆய்வு எழுதப் புகுவார் முதற்கண் எல்லை கூறுதல் மரபு. இவ்வாய்வின் நில எல்லை: மேற்கே பண்டாரவாடை ரயில் நிலையம், கிழக்கே சுந்தரப்பெருமாள் கோயில் ரயில் நிலையம், வடக்கிலும் தெற்கிலும் வயல். கால எல்லை: 1934 முதல் 1948 வரை. பொருள் எல்லை: எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடி நடித்து, பாபநாசம் சிவன் பாட்டெழுதிய படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையில் நிறுத்தி, கடைசியில் நிற்பது எது என்று தீர்ப்புச் சொல்வது. முதலிடம் பற்றிப் பேசாதார் இல்லை. கடைசி இடம் என்றதும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடுகிறது.

சிவன் பாபநாசத்துக்காரரே அல்லர், அன்றைய தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் 1890இல் ராமையாவாகப் பிறந்து, திருவனந்தபுரத்தில் வளர்ந்து, மயிலாப்பூரில் நிலைத்தவர் என்பாரும் உளர். அது பொருந்தாது. உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு பாடித் திரிந்த இளைஞரைப் பார்த்து ‘சிவன்’ என்று கூப்பிட ஆரம்பித்தது இந்த வட்டாரம். பெற்றவர் வைத்த பெயர் மறைந்து, ஊர் வைத்த பெயர் நின்றது. எனவே உரிமை ஊருக்கே என்க.

இனி, இத்தகைய வரிசைப்படுத்தல் மேலைநாட்டில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. அங்கே ப்ராக்ரஸிவ் ராக் என்று ஒரு வகை உண்டு. அதன் அடியார்கள் ஒரு குழுவின் இசைத்தட்டுகளை எல்லாம் பரப்பிவைத்து, சிறந்ததிலிருந்து மோசமானது வரை அடுக்கி, அடுக்கியபின் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதை நிறுத்திவிடுவர். ஜெத்ரோ டல் என்ற குழு 1972இல் ஒரே பாட்டைத் தட்டின் இரண்டு பக்கமும் நிரப்பியது. யெஸ் என்ற குழு 1973இல் இரண்டு தட்டு வெளியிட்டு அதில் நாலே பாட்டு வைத்தது. பிங்க் ஃபிளாய்டின் பணம் பற்றிய பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடுவதைப் பெரும் புரட்சி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மிருதங்கத்துக்குப் பேர்போன உமையாள்புரம் அடங்கிய வட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, அதே ஏழெண்ணிக்கைத் தாளமான மிஸ்ரசாபுவைப் புரட்சி என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்தப் பாட்டு இடம்பெற்ற இசைத்தட்டு அமெரிக்காவில் வெளியான நாள் 1973 மார்ச் 1. பாகவதர் பிறந்தது 1910 மார்ச் 1. சிவன் காலமானது அதே 1973, அக்டோபர் 1. இம்மூன்று தேதிகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு பத்தி இருந்தே ஆகவேண்டும்.

தட்டின் நீளம் பற்றி ஒரு வார்த்தை. பாகவதர் காலத்துக் கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். ஆலாபனை எடுத்து மூச்சு விடுவதற்குள் முள் நடுவுக்கு வந்துவிடும். ஆகவே அன்றைக்கு நீளமாகப் பாட ஒரே வழி சினிமா எடுப்பது. ‘பவளக்கொடி’ (1934) படத்தில் 50 பாடல்கள். ஒரு குழு, ஒரு கதை, ஒரே மூச்சில் 50 உருப்படி. வெள்ளைக்காரன் பின்னாளில் எதற்குப் பெயர் வாங்கினானோ அதை இயக்குநர் கே. சுப்ரமணியம் தம் முதல் படத்திலேயே முடித்துவிட்டார். படத்தை இசைத்தட்டாகக் கொள்வது தகும் என்பது இதனால் பெறப்படும்.

தரவு திரட்டிய இடம் ரயிலடி டீக்கடை பெஞ்சு. சான்றாளர்கள் பலர், முக்கியமானவர் இருவர். ஒருவர் மைக் செட் வைத்திருப்பவர். மார்கழியில் குழாய் ஸ்பீக்கரைக் கோயில் வேப்பமரத்தில் கட்டி ஊரை எழுப்புகிறவர். பாகவதர் கேசட்டுகளை இன்னும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றுவார். மற்றவர், நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஹரிதாஸ்தாங்க ஃபர்ஸ்ட்டு. மெட்ராஸ் பிராட்வேல மூணு தீபாவளி பாத்த படம். இதுல ஆராய்ச்சிக்கு என்னங்க வேண்டிக்கிடக்கு?” என்றார் மைக் செட்.

“ஓடுனது தியேட்டர் கணக்கு தம்பி. நாம பாக்கப்போறது சரக்கு” என்றார் எழுத்தர்.

இங்கேதான் ஆய்வுக்கு ஒரு முறைமை கிடைத்தது. பாபநாசம் நெல்லைத் தரம் பார்க்க இன்று நேற்றுக் கற்றுக்கொண்ட ஊரில்லை. திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இருக்கிறது: 36 அடி உயரம், 86 அடி அகலம், 3000 கலம் நெல் கொள்ளும். அந்தக் களஞ்சியத்துக்குள் எதை விடுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று நானூறு ஆண்டுக்கு முன்பே வாசலில் யாரோ ஒருவர் உள்ளங்கையில் நெல்லைத் தேய்த்துப் பார்த்திருப்பார். இன்றைய விதி இன்னும் துல்லியமானது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். முற்றாத, சுருங்கிய நெல் 3 சதவீதம் வரை. மட்டமான ரகக் கலப்பு 6 சதவீதம் வரை. கெட்டது, முளைத்தது, பூச்சி அரித்தது 5 சதவீதம் வரை. மண், கல் 1 சதவீதம். மழை பிடித்த ஆண்டுகளில் ஈரப்பதத்தை 22 வரை தளர்த்தக் கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும். இதே அளவுகோலைப் பாட்டுக்கு வைத்தால் என்ன என்று எழுத்தர் கேட்டபோது, பெஞ்சில் மறுப்பேதும் எழவில்லை. கையில் டீ இருந்தது காரணமாகலாம்.

தனி ஆவர்த்தனங்கள் விலக்கப்பட்டன. ‘பக்த குசேலா’வில் (1936) சிவனே குசேலர், ‘தியாகபூமி’யில் (1939) சிவனே சம்பு சாஸ்திரி. பின்னதை வெள்ளைக்கார அரசு தடை செய்ததால் அதற்கு மதிப்பெண் கூட்டவேண்டும் என்று வாதாடினார்கள். பாகவதர் இல்லாததால் குழுக் கணக்கில் வராது என்று தள்ளுபடி செய்யப்பட்டது. சீடர்கள் மன்னிக்க.

முதல் இடம் ‘சிவகவி’ (1943). விஜயநாகரி என்ற ராகத்தின் பெயரே தெரியாதவர்கள்கூட அந்தப் படத்தில் வரும் விஜயநாகரிப் பாட்டை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பாடினார்கள் என்பது ஒரு காரணம். இசையமைப்பாளர் ஜி. ராமநாதனும் சிவனும் பாகவதரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடந்த படம் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் ஆய்வாளனுக்கு இனிப்பது: படத்தின் கதையே தரவரிசை பற்றியது. பொய்யாமொழிப் புலவர் சிவபெருமானை முதலிடத்தில் வைத்துவிட்டார். அப்பனைப் பாடிய வாயால் பிள்ளையைப் பாடமாட்டேன் என்று முருகனைக் கீழே இறக்கிவிட்டார். முருகன் சும்மா விடுவானா? புலவரைக் காட்டில் மடக்கிப் பாடவைத்துவிட்டுத்தான் போனான். பாபநாசத்தில் இந்தக் கதைக்குக் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. இதே ரயில் பாதையில் சுந்தரப்பெருமாள் கோயிலைத் தாண்டினால் சுவாமிமலை; அங்கே பிள்ளை மேலே உட்கார்ந்து அப்பனுக்குப் பாடம் சொல்கிறான். வரிசை போடுகிறவன் எந்த ஸ்டேஷனில் ஏறினான் என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

‘ஹரிதாஸ்’ (1944) இரண்டாமிடம் என்றதும் மைக் செட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. சாருகேசி ராகத்தை ஊரறியச் செய்த படத்தையா என்று எழுந்தே நின்றுவிட்டார். எழுத்தர் அசையவில்லை. கேசட்டைப் போடச் சொன்னார். வலது கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் ஒன்று முழுக்கக் கேட்டார். பாட்டு முடிந்ததும் கையை ஒருமுறை ஊதினார். நாற்பது ஆண்டுப் பழக்கம்.

“முதல் பாதி பிரமாதம். பிற்பாதில காலு போகுது, அப்பா அம்மா கால்ல விழறாரு, கண்ணீரு. ஈரப்பதம் இருவது தாண்டுது தம்பி. வெயில்ல ஒரு நாள் கொட்டிக் காயப்போட்டா எடுத்துக்கலாம்.”

இதில் எனக்கு எழுத்தரோடு உடன்பாடுதான். ஆனால் படம் வெளியான சூழ்நிலையையும் சொல்லாமல் விடமுடியாது. 1944 தீபாவளிக்குப் படம் வந்தது. நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை. அந்த வழக்கில் டிசம்பரில் பாகவதர் கைது. அடுத்த தீபாவளியும் அதற்கடுத்த தீபாவளியும் பாடியவர் உள்ளே இருந்தார், பாட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் அவர் விடுதலையாகும்போது, அந்தப் படம் போல இன்னொன்று எடுக்க நாட்டில் ஆளும் இல்லை, காலமும் இல்லை. ஈரம் எங்கிருந்து வந்தது என்று மீட்டர் சொல்லாது.

மூன்றாவது ‘அம்பிகாபதி’ (1937). இதைத் தமிழ் தெரியாத எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கினார் என்பது பலரும் அறிந்தது. ஆய்வுலகம் கவனிக்கத் தவறியது, அந்தக் கதை எண்ணிக்கைப் பிழையால் விளைந்த முதல் தமிழ் உயிர்ப்பலி என்பது. கம்பன் மகன் சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடவேண்டும். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, தொண்ணூற்றொன்பதிலேயே நூறு முடிந்ததென்று தலையை நீட்டுகிறாள், அவன் அவளைப் பார்த்துப் பாடிவிடுகிறான், போயிற்று. பாட்டை எண்ணி வரிசை போடும் தொழிலில் இறங்குவோர் இதை மேசை முன் எழுதி ஒட்டிக்கொள்வது நலம். காப்பு ஒன்றாவது பாட்டா, பூஜ்யமாவது பாட்டா என்ற கேள்வி பெஞ்சில் எழுந்து, இரண்டு கேன் பால் காய்ந்தபின்னும் முடியவில்லை.

‘சிந்தாமணி’ (1937) நான்காவது. அதில் வந்த காசில் மதுரையில் அதே பெயரில் தியேட்டரே கட்டினார்கள் என்றால் பாட்டுக்கு வேறு சாட்சி வேண்டுமா? ‘அசோக்குமார்’ (1941) ஐந்தாவது, எம்.ஜி.ஆர். ஓரமாக வந்துபோவார். ‘திருநீலகண்டர்’ (1939) ஆறாவது. எழுத்தர் “சன்ன ரகம்தான், ஆனா கலப்பு இருக்கு” என்றதோடு சரி.

பெஞ்சு எடுத்துக்கொண்டவற்றில் எஞ்சியவை இரண்டு. இங்கேதான் ஆய்வு திணறியது.

‘ராஜமுக்தி’ (1948) கடைசி என்று நான் முன்மொழிந்தேன். சிறையிலிருந்து வந்து நடித்த முதல் படம், ஓடவில்லை, இசை சி.ஆர். சுப்பராமன் என்றாலும் பழைய களை இல்லை. உடனே நாலு பக்கமும் மறுப்பு. அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆரும் வி.என். ஜானகியும் சந்தித்தார்கள். ஜானகி யார்? சிவனின் அண்ணன் ராஜகோபாலய்யர் மகள். “ரெண்டு முதலமைச்சரைக் குடுத்த படங்க. அதைக் கொண்டுபோய் கடைசில வெப்பீங்களா?” என்று ஒருவர் கேட்டார். தமிழ் சினிமாவில் எந்தப் படத்துக்கும் இல்லாத தகுதி. பாட்டோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. மேலும், குற்றம் எதுவானாலும் அது மெட்டின் குற்றம், காலத்தின் குற்றம், விநியோகத்தின் குற்றம். சொல்லின் குற்றமில்லை என்பது இவ்வூர்ச் சட்டம். சொல் சிவனுடையது.

சரி, ‘பவளக்கொடி’? முற்றாத நெல் 3 சதவீதம் வரை அனுமதி. ஐம்பது பாட்டுக்கு அது ஒன்றரைப் பாட்டு. இன்றைக்கு எவர் வாயிலும் வராத பாட்டுகளை எல்லாம் கருக்காய் என்று ஒதுக்கினால், தூற்றி முடிக்கும்போது களத்தில் குவியலைவிடப் பதர் உயர்ந்து நிற்கும். விதிப்படி திருப்பி அனுப்பவேண்டிய சரக்கு. ஆனால் பாகவதருக்கு முதல் படம், எஸ்.டி. சுப்புலட்சுமிக்கு முதல் படம். இயக்குநருக்கும் முதல் படம். “விதைநெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டாரக் கூடாது” என்று எழுத்தரே தீர்ப்பைத் தடுத்து நிறுத்திவிட்டார்.

ஆக, ஏழாமிடத்தில் இரண்டு படம், எட்டாமிடம் காலி. கடைசி இடம் காலியாக உள்ள தரவரிசையை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது. அந்த இடத்துக்குத் தகுதியான படம், சிவனுக்கும் பாகவதருக்கும் சம்பந்தமில்லாததாக இருக்கவேண்டும். அதே சமயம் தரவரிசையில் சேர்க்க ஏதாவது ஒரு காரணமும் வேண்டும். பெஞ்சின் கோடியில் அதுவரை பேசாமல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்த பையன் சொன்னான்:

“பாபநாசம் படத்தை வைங்கண்ணே. கமல் படம். 2015.”

ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கமல்ஹாசன் பேசுகிற திருநெல்வேலித் தமிழ் முதல் அருவி வரை அத்தனையும் தாமிரபரணிக் கரைப் பாபநாசம். படம் வந்த நாள் முதல் வெளியூர்க்காரர்கள் இங்கே இறங்கி, கமல் கேபிள் கடை எந்தப் பக்கம் என்று கேட்கிறார்களாம். கல்யாணப் பத்திரிகையில் ‘தஞ்சை மாவட்டம்’ என்று தனியாகப் போடவேண்டியிருக்கிறதாம். இவ்வளவு மனத்தாங்கல் இந்த ஊருக்குள் இருந்தது யாருக்கும் தெரியாது. மைக் செட், எழுத்தர், ராஜமுக்திக்காரர், கடைக்காரர் என அனைவரும் ஒருமனதாக எட்டாமிடம் அதற்கே என்றனர்.

“பாட்டு நல்லாத்தான இருக்கும் அதுல?” என்று நான் முறைக்காகக் கேட்டேன்.

எழுத்தர் டீ கிளாசைக் கீழே வைத்தார். “சரக்கு நல்ல சரக்குதான், யாரு இல்லைன்னா? அடங்கல் வேற ஜில்லாவுல இருக்கு. இந்த நிலையத்துல எடுக்க முடியாது.”