வாசிக்கும் கைகளைப் பாருங்கள்

ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'நியூ பிளட்' கச்சேரிப் படத்தைப் பார்க்கச் சொல்லிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். காட்டுப்பள்ளி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அந்த வாசகர்களுக்கே.

ராக் பாடகருக்கு கிடாரும் டிரம்ஸும் போதாதா? ஆர்கெஸ்ட்ரா எதற்கு?
*– ஐ.டி.ஐ. மாணவர், பொன்னேரி*

போதும். போதும் என்று இருப்பதுதான் கலைஞனுக்கு ஆபத்து. கேப்ரியல் 2010-இல் மற்றவர்களுடைய பாடல்களை 'ஸ்கிராட்ச் மை பேக்' என்ற ஆல்பமாகப் பாடினார். அதற்குத் தனக்குத்தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார்: கிடார் கூடாது, டிரம்ஸ் கூடாது. அடுத்த ஆண்டு தன் சொந்தப் பழைய பாடல்களையும் அதே நிபந்தனைக்குள் கொண்டுவந்தார். இசைக்கோப்பாளர் ஜான் மெட்காஃபுடன் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் பிரித்து, வயலினுக்கு இது, குழலுக்கு இது என்று புதிதாக எழுதினார்கள். 2011 மார்ச்சில் லண்டன் ஹேமர்ஸ்மித் அப்பல்லோ அரங்கில், 46 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவோடு அவர் பாடியதைத்தான் படமாக எடுத்தார்கள். பழகிய வீட்டின் சுவரை இடித்துவிட்டு அஸ்திவாரம் நிற்கிறதா என்று பார்க்கிற துணிச்சல் அது. நின்றது.

டிரம்ஸ் இல்லாத ராக், குழம்பு இல்லாத சோறு இல்லையா?
*– மீன் வியாபாரி, பழவேற்காடு*

உங்கள் வீட்டில் ரசம் வைப்பார்கள் அல்லவா? அதுவும் சோற்றுக்குத்தானே. 'தி ரிதம் ஆஃப் தி ஹீட்' என்றொரு பாடல் 1982 ஆல்பத்தில் உண்டு. அதன் முடிவில் கானா நாட்டு முரசுகள் முழங்கும். புதிய வடிவத்தில் முரசு முழங்க வேண்டிய அந்த இடத்துக்கு வயலின்களும் செல்லோக்களும் சேர்ந்து பாய்கின்றன. வில்லை நரம்பின்மேல் இழுத்தால் பாட்டு, வெட்டினால் தாளம். இந்த வித்தை நம் பக்கத்திலும் உண்டு. மிருதங்கக்காரர் கையை எடுத்த பிறகும், நல்ல பாடகரின் கற்பனாஸ்வரத்தில் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும்.

எந்த வாத்தியமும் வாசிக்காமல் ஒருவர் குச்சியை ஆட்டுகிறார். அவருக்கும் சம்பளமா?
*– கிரேன் ஆபரேட்டர், காட்டுப்பள்ளி*

ஐயா, பதில் உங்கள் கண்ணுக்குக் கீழேயே நிற்கிறது. கேபினில் நீங்கள், தரையில் கையால் சைகை காட்டும் சிக்னல்மேன். அவர் ஒரு மூட்டையைக்கூடத் தூக்குவதில்லை. ஆனால் அவர் கை 'நிறுத்து' என்றால் எத்தனை டன்னும் நிற்க வேண்டும். இந்தப் படத்தில் அந்தக் கை பென் ஃபாஸ்டருடையது. எத்தனை வேகம், யார் எப்போது நுழைய வேண்டும், யார் அடக்கி வாசிக்க வேண்டும் – மூன்றையும் அவர் கையே சொல்கிறது. ராக் பாடகரோடு சேரும்போது வேலை இன்னும் கடினம். பாடகர் அன்றைய உற்சாகத்தில் ஒரு வரியை இழுத்துப் பாடுவார். 46 பேரும் தாளைப் பார்த்து வாசிப்பவர்கள். இரு தரப்பையும் ஒரே இடத்தில் இறக்குபவர் கண்டக்டர். டிக்கெட் கிழிக்காவிட்டாலும் எல்லோரையும் ஊர்போய்ச் சேர்ப்பவர் அவரே.

இதெல்லாம் யாருடைய சங்கீதமோ. தமிழனுக்கு இதில் என்ன இருக்கிறது?
*– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்மிடிப்பூண்டி*

நிறைய இருக்கிறது, ஐயா. கேப்ரியலின் இன்னொரு கச்சேரிப் படம் 'சீக்ரெட் வேர்ல்ட் லைவ்'. 1993 நவம்பரில் இத்தாலியின் மோதெனா நகரில் எடுத்தது. அதில் வயலினோடு நிற்பவர் எல். சங்கர். அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர், அண்ணன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்ரமணியமும். சங்கரின் குழந்தைப் பருவம் யாழ்ப்பாணத்தில் கழிந்தது. 1958 கலவரத்தின்பின் குடும்பம் சென்னைக்கு வந்தது. பிறகு அவர் இரட்டைக் கழுத்து வயலின் ஒன்றை வடிவமைத்தார். பத்துத் தந்திகள். செல்லோவுக்கும் கீழே இறங்கும், வயலினின் உச்சிக்கும் ஏறும். ஆர்கெஸ்ட்ராவின் நரம்பு வாத்தியங்கள் மொத்தத்தையும் ஒரு தோளில் ஏற்றிக்கொண்டவர் நம் ஆள்.

இன்னொன்று. கேப்ரியல் பாடிய அந்த அப்பல்லோ அரங்கில்தான், 2025 மார்ச் 8 அன்று, இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது. பதினான்கு ஆண்டு இடைவெளி, ஒரே மேடை. அவர் பிறந்த பண்ணைப்புரத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது வழி.

எங்கள் ஊரில் ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது மேடையில் பாடுகிறார்களே, அதற்கும் 'ஆர்கெஸ்ட்ரா' என்றுதான் பேனர் வைக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
*– இல்லத்தரசி, அத்திப்பட்டு*

அம்மா, இந்த இதழின் சிறந்த கேள்வி உங்களுடையது. ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றல்ல. தாளில் குறிப்பு எழுதி வாசிப்பதிலும் ஒன்றல்ல. மனத்தில் ஒன்று. கீபோர்டுக்காரர் ஒருவரே இருபது வயலினாகிறார். பேஸ் கிடார்காரர் பாடகியின் மூச்சைப் பார்த்துக் காத்திருக்கிறார். காத்திருக்கத் தெரிந்தவர்கள் கூடினால் அது ஆர்கெஸ்ட்ராதான். இளையராஜாவே சிம்பொனிக்கு நேராகப் போனவரல்ல. அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் போய் மேடையில் ஆர்மோனியம் வாசித்தார். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். உங்கள் கோயில் மேடையைச் சிறியதென்று எண்ணாதீர்கள்.

ராக்கும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்வது புது மோஸ்தரா?
*– கல்லூரி மாணவி, மீஞ்சூர்*

அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள் குழுவும் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவும் ஒரே மேடையில் வாசித்தன. எழுதியவர் அந்தக் குழுவின் ஜான் லார்ட். நடத்தியவர் மால்கம் ஆர்னால்ட். 1999-இல் மெட்டாலிகா சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியோடு வாசித்தது. அங்கே நடத்தியவர் மைக்கேல் கேமன். இரண்டுக்கும் காட்சிப் பதிவு உண்டு. கேப்ரியல் படத்தையும் சேர்த்து மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் இரு தரப்பும் மாறி மாறி மோதுகின்றன. இரண்டாவதில் மின்கிடாருக்கு ஈடுகொடுத்து வயலின்கள் ஓடுகின்றன. கேப்ரியல் மின்கிடாரையே வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அதனால்தான் அவர் படத்தில் ஒரு குழலின் பெருமூச்சுகூடக் காதில் விழுகிறது. என் ஓட்டு அதற்கே.

நேரில் கேட்கும் கச்சேரி இருக்க, படம் எதற்கு?
*– லாரி ஓட்டுநர், தச்சூர் கூட்டுச் சாலை*

நேரில் ஒரே இருக்கை. அதுவும் டிக்கெட்டுக்குத் தகுந்த இருக்கை. படத்தில் கேமரா உங்களைச் செல்லோக்காரரின் விரல் நுனிக்குக் கூட்டிப்போகிறது. வாசிக்காத நேரத்தில் ட்ரம்பெட்காரர் தன் முறைக்காக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக்கூடக் காணலாம். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அடித்தள ஒலி முழுக்கத் தொலைந்துவிடும். ஹெட்போன் மாட்டுங்கள், வண்டியை நிறுத்திவிட்டு. முதல் முறை பாடகரைப் பாருங்கள். இரண்டாம் முறை ஒரே ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னாலேயே போங்கள்.

எங்கள் பகுதியில் யாராவது பாடி, படம் எடுத்திருக்கிறார்களா?
*– மீனவ இளைஞர், காட்டுப்பள்ளி குப்பம்*

உங்கள் கழிமுகத்திலேயே எடுத்திருக்கிறார்கள், தம்பி. 2017 ஜனவரியில் வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்'. கபேர் வாசுகியின் வரிகளை டி.எம். கிருஷ்ணா ராகமாலிகையாகப் பாட, ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். எண்ணூரில் அனல்மின் நிலையங்களுக்கும் சாம்பலுக்கும் நடுவே நின்று பாடிய கர்நாடக சங்கீதம் அது. சபாவுக்குள் மட்டும் கேட்ட ராகம், கொசஸ்தலை ஆற்றுக்காக வெளியே வந்தது. ஒரு பாட்டு எங்கே நின்று பாடப்படுகிறது என்பதும் அதன் பொருளில் பாதி.

கடைசியாக உங்கள் ஆசை என்ன?
*– ஷிப்ட் முடித்து வந்த வாசகர், கும்மிடிப்பூண்டி சிப்காட்*

தமிழர்கள் பல தலைமுறையாக ஆர்கெஸ்ட்ரா கேட்டவர்கள்; பார்த்ததில்லை. திரைப்பாடல் பதிவுகளில் அத்தனை பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்த காலம் இருந்தது. யாராவது ஒருவர் தவறினால் அத்தனை பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வி.எஸ். நரசிம்மனின் வயலின், சதானந்தத்தின் கிடார், சசிதரனின் பேஸ், புருஷோத்தமனின் டிரம்ஸ், நெப்போலியனின் புல்லாங்குழல் – இவை இல்லாமல் 80-களின் பாட்டு இல்லை. திரையில் கதாநாயகன் வாயசைத்தான். வாசித்த கைகளை நாம் காணவில்லை. கப்பல் கிளம்பும்போது சரக்கு ஏற்றிய கைகள் கரையிலேயே நின்றுவிடுவதைப்போல. கச்சேரிப் படம் அந்தக் கைகளுக்கு வெளிச்சம் தருகிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவில் உங்கள் ஊர் மேடையைப் போனில் படம் எடுப்பீர்கள். பாடுபவர் முகத்தில் மட்டும் நிற்காதீர்கள். தபேலாக்காரரிடம் ஒரு நிமிடம், கீபோர்டுக்காரரிடம் ஒரு நிமிடம் நில்லுங்கள். கச்சேரி முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, படத்தின் கீழே எழுதி வையுங்கள்.