சாயம் போனால் கான்செப்ட் என்று சொல்: ஃபேஷன் மேல்படிப்புக்கு ஒரு கையேடு

முதல் நாள் வகுப்புக்கு என்ன உடுத்துவது என்று குழம்ப வேண்டாம். கருப்பு. மேலே கருப்பு, கீழே கருப்பு, தோளில் கருப்புத் துணிப்பை. நிறங்களைப் பற்றி இரண்டு வருடம், நான்கு செமஸ்டர் படிக்க வந்த கூட்டம் ஏன் இப்படித் துக்க வீட்டுக்குப் போவது மாதிரி திரிகிறது என்று ஆட்டோக்காரர் கேட்பார். ஜூலை வெயிலில் சென்னை தரமணி ரயில் நிலையத்தில் இறங்கி நிஃப்ட்டுக்கு (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) நடக்கும்போது உங்களுக்கே அந்தச் சந்தேகம் வரும். கருப்பில் மேட்சிங் பார்க்க வேண்டாம். துவைக்க நேரமில்லை என்பதும் வெளியே தெரியாது. அடுத்த நான்கு மாதத்துக்கு இந்த இரண்டும் பெரிய சௌகரியம்.

ஊரிலிருந்து கிளம்பும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. என்ன படிக்கிறீர்கள் என்பதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். “எம்.டெஸ்” என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள், ஏதோ கம்ப்யூட்டர் போல என்று விட்டுவிடுவார்கள். ஃபேஷன் என்று வாய்தவறிச் சொன்னீர்களோ, பீரோ திறக்கும். அத்தை ஒரு மஞ்சள் பையை நீட்டுவார். உள்ளே அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட் பிட், லைனிங் துணி, கூடவே ஓர் அளவு ஜாக்கெட். “இதே அளவுதான் கண்ணு. கைக்குழி மட்டும் பிடிக்குது. இடுப்புல ஒரு இஞ்ச் விட்டுடு. கழுத்து இதைவிடக் கொஞ்சம் இறக்கமா, ஆனா ரொம்ப இறக்கமா வேண்டாம்.” அதாவது அளவு அதேதான், எல்லா இடத்திலும் வேறு. உங்கள் பேராசிரியர்கள் யாரும் இவ்வளவு கடினமான புராஜெக்ட் கொடுக்கப் போவதில்லை. “அத்தை, நான் நீடித்த நுகர்வு பற்றித்தான் ஆய்வு பண்றேன்” என்று சொல்லிப் பாருங்கள். “பண்ணு பண்ணு, முகூர்த்தம் பதினாலாம் தேதி” என்பார்.

உங்களுக்குத் தைக்கத் தெரியுமா என்பது இங்கே தனி விஷயம். நிஃப்ட்டில் எம்.டெஸ் சேர எந்தப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆகவே பக்கத்து மெஷினில் இருப்பவர் மெக்கானிக்கல் இன்ஜினீயராக இருக்கக்கூடும். பயப்படாமல் அவருடன் நட்பு வையுங்கள். நூல் சிக்கிக்கொண்ட மெஷினை அவர்தான் திறப்பார். பாபின் கேஸை மட்டும் அவருக்குக்கூட இரவல் தராதீர்கள்.

அடுத்தது துணி வாங்குவது. ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவுக்குப் போகும்போது மூட் போர்டை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பழைய வீட்டுத் திண்ணையில் விழும் சாயங்கால வெளிச்சம் மாதிரி ஒரு நிறம் வேண்டும் என்று நீங்கள் இரண்டு நிமிடம் பேசி முடித்ததும் கடைக்காரர் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்: “தம்பி, பிஸ்கட் கலர் எடு.” அவர் எடுத்துப் போட்டது நீங்கள் கேட்டதேதான் என்பதுதான் வயிற்றெரிச்சல். பேன்டோன் நிறுவனம் வருடத்துக்கு ஒரு நிறத்தை உலகத்துக்கு அறிவிக்கிறது. 2025-க்கு மோக்கா மூஸ், 2026-க்கு கிளவுட் டான்சர். கோடவுன் தெருவில் முதலாவது காபி கலர், இரண்டாவது வேட்டி வெள்ளை. இரண்டுமே எப்போதும் ஸ்டாக்கில் உண்டு. எத்தனை மீட்டர் என்று கேட்பார்கள். “மூணு” என்று மெதுவாகச் சொல்லுங்கள். மொத்த வியாபாரிக்கும் மனசு உண்டு, நோகடிக்கக் கூடாது.

காடாத் துணி மட்டும் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல துணியில் கத்திரி வைக்கும் முன் காடாவில் தைத்து, டம்மிமேல் மாட்டிப் பார்க்க வேண்டும். டம்மிக்குக் கச்சிதமாக இருக்கும். உங்கள் ரூம்மேட்டுக்கு மாட்டினால் தோள் ஓரிடம், மார்பு ஓரிடம் என்று நிற்கும். குற்றம் ரூம்மேட்டுடையது அல்ல. இந்திய உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை இல்லாமலேயே நெடுங்காலம் வெளிநாட்டு அளவுகளில் ஆயத்த ஆடை தைத்துக்கொண்டிருந்தோம். அதைச் சரிசெய்ய 25,000 பேரை 3டி ஸ்கேனரில் அளக்கும் இந்தியாசைஸ் திட்டம் வந்தது. அளக்கத் தேர்ந்தெடுத்த ஆறு நகரங்களில் தெற்குக்கு என்று வைத்தது பெங்களூரை. சென்னை இல்லை. மைலாப்பூர் மாமியின் தோளகலத்தை இன்றுவரை தெருமுனை டெய்லர்தான் மனசில் வைத்திருக்கிறார். காலருக்கும் கைக்குழிக்கும் சிக்கல் வந்தால் முதலில் அவரிடம் போங்கள், நூலகத்துக்கு அப்புறம் போகலாம்.

இனி ஜூரி, அதாவது செமஸ்டர் முடிவில் உங்கள் வேலையைப் பார்த்து மதிப்பிடும் குழு. செமஸ்டரின் மற்ற விஷயங்களெல்லாம் இதற்குத்தான். ஜூரியில் தவறு என்று ஒன்று கிடையாது, விளக்கப்படாத முடிவு என்று ஒன்றுதான் உண்டு. ஓரம் மடித்துத் தைக்க நேரமில்லையா? முடிவுறாமையைப் பேசும் ஆடை. ஒரு கை நீளமாகிவிட்டதா? சமச்சீரின்மை. சிரிக்காதீர்கள், இதற்குப் பெரிய முன்னோர்கள் இருக்கிறார்கள். 1982-ல் ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோ ஓட்டை ஓட்டையாக ஒரு ஸ்வெட்டர் செய்தார். நம் வீட்டுப் பாட்டியிடம் கொடுத்திருந்தால் ஊசியைத் தேடியிருப்பார். அது இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்மூர்க் கதையே போதும். 1950-களின் கடைசியில் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கட்டம்போட்ட கைத்தறித் துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் போனது. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விற்றவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. சாயம் நிச்சயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுச் சட்டை கிடைக்கிறதாம். ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்று பெயர் வைத்ததும் அதே துணிக்கு அலைமோதினார்கள். சௌகார்பேட்டையில் வாங்கிய துணி வியர்வையில் சாயம் விட்டு மாடலின் கழுத்து நீலமானால், இந்த வரலாற்றை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வந்த ஜூரி உறுப்பினர் குறிப்பெடுத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. தையலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமுள்ள ஒரு மேடம் மட்டும் எல்லா ஜூரியிலும் இருப்பார். அவரிடம் வரலாறு பேசாதீர்கள்.

படிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரே வார்த்தை: பருத்தித் துணியை வெட்டும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அப்புறம் கத்திரியை எடுங்கள். எல்லாக் கோளாறுக்கும் கான்செப்ட் எழுதிவிடலாம். சுருங்கிப்போன கைக்குழிக்குள் மாடலின் கை போகாது.