வராத வெள்ளத்துக்கு ஒரு க்ளெய்ம்

விடுநர்: சிற்றாற்றங்கரைப் பலசரக்குக் கடைக்காரன், வீரகேரளம்புதூர், தென்காசி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு க்ளெய்ம் மேலாளர் அவர்கள். (கம்பெனிப் பெயர் எதற்கு? எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பொருந்தும்.)

பொருள்: இன்னும் வராத வெள்ளத்தில் இன்னும் நனையாத சரக்குக்கு இழப்பீடு கோருதல் தொடர்பாக.

ஐயா,

வெள்ளம் வடிந்த பிறகு மனுப் போட்டவர்கள் பட்ட பாட்டைக் கண்டவன் நான். அதனால் ஐப்பசி பிறக்குமுன்பே முந்திக்கொள்கிறேன்.

தாங்கள் கேட்பதெல்லாம் காகிதம்தானே. கொள்முதல் பில், ஸ்டாக் ரிஜிஸ்டர், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், எல்லாம் ஒரிஜினலாக. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்பதுதான் க்ளெய்மே. அந்தத் தண்ணீர் அரிசி மூட்டைக்குள் நுழையலாம், மேஜை டிராயருக்குள் மட்டும் அனுமதி கேட்டு வாசலில் நிற்க வேண்டும் போலிருக்கிறது. நனைந்த பில் புத்தகத்தைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மொட்டை மாடியில் காயப்போட்டால் தாள்கள் அப்பளமாய் நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நகத்தால் கிள்ளிப் பிரித்தால் தொகை எழுதிய மூலைதான் முதலில் கையோடு வரும். கார்பன் எழுத்து ஊதாக் கறையாகியிருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால் 'தெளிவாக இல்லை' என்று பதில் போடுவீர்கள்.

அடுத்து, மழை பெய்ததற்குச் சான்று. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளும் சிக்கிக் கிடந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. டி.வி. இல்லாத ஒரே இடம் க்ளெய்ம் பிரிவுதான். ஆகவே ஆறு என் கடைக்குள் வரும்போது, வி.ஏ.ஓ. முன்னிலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நுழையும்படி கேட்டுக்கொள்ளப்படும்.

அழுகிய சரக்கு விஷயத்துக்கு வருகிறேன். சர்வேயர் வரும்வரை எதையும் தொடாதே என்பீர்கள். புழு நெளியும் மூட்டையை உடனே புதை என்பார் சுகாதார ஆய்வாளர். புதைத்தால் நீங்கள் விடமாட்டீர்கள், வைத்திருந்தால் தெரு விடாது. இதற்கு முடிவு தெரியாமல் நிற்பவனிடம் போனில் தங்கள் ஆள், "பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி, பயப்படாதிய" என்று தேனாய்ப் பேசுவார். பிறகு மின்னஞ்சல் வரும்: ஆவணங்கள் கிடைக்காததால் கோப்பு முடித்து வைக்கப்பட்டது.

இனி அந்தத் தேன் வேண்டாம். யார், எந்த நாளில், என்ன சொன்னார் என்பதை அன்று மாலையே மின்னஞ்சலில் தங்களுக்கே எழுதி அனுப்பிவிடுவேன். நேரில் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகலில் சீல், தேதி, கையெழுத்து வேண்டும். போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்.

பாலிசி எடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கடனைக் காட்டி வங்கியே என் கணக்கிலிருந்து பிரீமியத்தை உருவிக்கொண்டது. அன்றைக்கு யாரும் ஒரு துண்டுத்தாள் கேட்கவில்லை, கடைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பணம் வாங்கும்போது வராத சந்தேகம் கொடுக்கும்போது எங்கிருந்து வருகிறது? வேண்டிய ஆவணங்களைப் பாலிசி கொடுக்கும்போதே கேட்டு வாங்கு, ஆவணம் இல்லை என்று எந்த க்ளெய்மையும் நிராகரிக்காதே என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூன் 11-இல் சுற்றறிக்கை விட்டது. தங்கள் அலுவலகத்தில் அதுவும் வெள்ளத்தில் போயிருக்கும். ஒரு நகல் இணைத்திருக்கிறேன்.

களவு போன லாரிக்கு ஆர்.சி. நகலைக் கொண்டுவா என்று நிற்கும் புத்தி இந்தத் தொழிலில் புதிதல்ல. 2013-இல் களவு போன லாரி அது. உரிமையாளரால் வாங்கித்தர முடியாத ஆவணத்தைக் கேட்டு க்ளெய்மை மறுக்காதே என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கண்டித்து, 12 லட்சம் ரூபாயை வட்டியோடு கொடுக்கச் சொன்னது. ஒன்பது வருடம்! தாங்கள் நம்பியிருப்பதும் அந்த ஒன்பது வருடத்தைத்தான். மனிதன் சலித்துப்போவான், பேரம் பேசி வருவான், கால்வாசியை நீட்டினால் முழுத் திருப்தி என்று கையெழுத்துப் போடுவான். இதற்குப் பெயர் காப்பீடாம்.

நான் சலிக்கப்போவதில்லை. புகார் கொடுத்து ஒரு மாதம் பார்ப்பேன். பதில் வராவிட்டால், வந்தும் வயிறு நிறையாவிட்டால், சென்னை அண்ணா சாலையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் கிடையாது, 50 லட்சம் வரை அவர் உத்தரவிடலாம். அதை 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் எனக்குத் தர வேண்டும். பலசரக்குக் கடையில் அவ்வளவு லாபம் நான் பார்த்ததில்லை. எனவே வழக்கம்போலத் தாமதிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: ஈரமாகாத பில்களின் ஜெராக்ஸ் ஒரு கட்டு, அலமாரியும் அரிசி மூட்டையும் தேதியோடு தெரியும் போட்டோக்கள், கேன்சல் செய்த செக், மேற்படி சுற்றறிக்கை, மற்றும் சிற்றாற்று வண்டல் ஒரு படி, சுய ஒப்பமிட்டது.