மருந்துக் கடைக்கு மென்பொருள்

சிறு மருந்துக் கடைக்குத் தகவல் அமைப்பைத் திட்டமிடுவோர் முதலில் சட்டத்தைப் பார்ப்பார்கள். மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய எச்1 பட்டியல் மருந்துகளுக்கு 2014 மார்ச் முதல் தனிப் பதிவேடு கட்டாயம்: எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு. 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மென்பொருளில் இதற்கெல்லாம் கட்டங்கள் தயார்.

ஆனால் காஞ்சிபுரத்தில் தறியிலிருந்து எழுந்து வருபவரிடம் சீட்டு இருப்பதில்லை. வெட்டிய அட்டையின் மூலையை நீட்டி, “இதே மாதிரி ரெண்டு குடுங்கண்ணே” என்பார். பெயர் அச்சான பகுதி போன வாரமே குப்பைக்குப் போயிருக்கும். 'பச்சை அட்டை, வெள்ளை மாத்திரை' என்பதைத் திரை ஏற்காது. கடைப்பையனின் தலை ஏற்கும். கடனுக்கும் கட்டம் உண்டு. ஆனால் 'சேலை அறுத்ததும் தர்றேன்' என்பதை அது தேதியாக மதிப்பதில்லை.

அடுத்தது கொள்முதல் கணிப்பு. சென்ற ஆண்டு விற்பனையை வைத்து இந்த ஆண்டுக்கு ஆர்டர் போடுவது முறை. 2019-இல் காஞ்சிபுரம் கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் 40 ஆண்டுக்குப் பின் எழுந்தருளி 48 நாள் காட்சி தந்தார். ஊர் கொள்ளாத கூட்டம். அதை நம்பும் கணினி, 2020 ஜூலைக்கும் ஓஆர்எஸ் பொட்டலங்களை மூட்டைக் கணக்கில் வாங்கச் சொல்லும். அடுத்த தரிசனம் 2059-இல். அதுவரை சர்வீஸ் உண்டா என்று மென்பொருள் விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.