சந்தைக்குப் போறவனே, பல்லைப் பாரு

வா கண்ணு, உக்காரு. கிராவல் பைக் வாங்கப் போறயாமே, கொழிஞ்சாம்பாறை பூரா அதே பேச்சு. உங்கப்பன் விலையைச் சொன்னான். அந்தக் காசுக்குக் கன்னுக்குட்டியோட ஒரு கறவை மாடே பிடிச்சுட்டு வரலாமேன்னு உங்க அப்பத்தா கேட்டா. மாடுன்னா தெனமும் சாணி அள்ளோணும், சைக்கிளுக்கு அது இல்லையேன்னு நான்தான் உன் கட்சி பேசினேன். அந்த நன்றிக்காவது ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போ.

பொள்ளாச்சி சந்தையில மாடு பிடிக்கறவன் கொம்பையும் சுழியையும் ஊருக்காகப் பாப்பான். தனக்காகப் பாக்கறது பல்லு. நீ என்ன பாத்தே? போட்டோ பாத்தே. புழுதி மூஞ்சியும் தாடியுமா ஒருத்தன் சிரிச்சுட்டு நிக்கறான். நானும் போன் பாக்கறவன்தான்டா. அவனெல்லாம் அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துச் சரளை ரோட்டுல ஓட்டறவன். எம்போரியான்னு ஒரு ஊரு, 2006-ல ஆரம்பிச்ச பந்தயம், ஒரே மூச்சா 200 மைல். அவனுக்கு வருசத்துல ஒரு நாள் ஜெயிச்சாப் போதும். உனக்குத் தெனமும் காலைல மூணாறு எஸ்டேட் ஆபீசு, மாசக் கடைசியில உடுமலை, சின்னார், மறையூர்னு ஊருக்கும் மூணாறுக்கும் அலைச்சல். அவன் வண்டி உனக்கெதுக்கு?

அதனால கடையில போய் கலரைக் கேக்காதே, பல்லை எண்ணு. என் பழைய ஹெர்குலிஸ்ல பெடலோட இருக்கற முன்னாடிச் சக்கரத்துப் பல்லு 44, பின்னாடி 18. பெடலை ஒரு சுத்து மிதிச்சா வண்டி அஞ்சரை மீட்டர் போகும். சித்தூருக்குத் தேங்கா கொண்டு போக அது ராஜ வண்டி. அதையே மறையூர் தாண்டி ஏத்தத்துல மிதிச்சுப் பாரு, கொழுந்து பறிக்கற பொம்பளைங்க வேலையை நிறுத்திட்டு வேடிக்கை பாப்பாங்க. மூணாறு கடல் மட்டத்துக்கு மேல 1,500 மீட்டர்ப் பக்கம் இருக்கு. உனக்கு முன்னாடி சின்னதா 30 பல்லு, பின்னாடி பெருசா 34 பல்லு வேணும். அப்ப ஒரு சுத்துக்கு வண்டி ரெண்டு மீட்டர்கூடப் போகாது. நடக்கற வேகம்தான். ஆனா உக்காந்துட்டே நடக்கலாமில்ல! கடைக்காரன் பன்னண்டு கியர், இருபத்துநாலு கியர்னு எண்ணிக்கை சொல்லுவான். தலையாட்டிக்க. கடைசிப் பல்லு எத்தனைன்னு மட்டும் திரும்பத் திரும்பக் கேளு.

டயரு 40 மில்லி மீட்டர்னு கடைப் பையன் புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி சொன்னானாமா? நம்ம பால்காரனும் கள்ளுக் குடம் கட்டற ஆளும் ஓட்டின 28-க்கு ஒண்ணரை டயரு கிட்டத்தட்ட அதே அகலம்தான். அப்பல்லாம் அதுக்குக் கிராவல்னு பேரு வெக்கத் தெரியல, வெச்சிருந்தா நாமளும் ரெண்டு காசு பாத்திருக்கலாம். சரி, அகலம் நல்லதுதான். அந்த மலையில ரோடு நாளைக்கும் ரோடாவே இருக்கும்னு எவனும் எழுதித் தரமாட்டான். 1924 வெள்ளம் மூணாறுல ஓடிட்டிருந்த குண்டளை ரயில் பாதையையே வாரிட்டுப் போச்சு. 2018 ஆகஸ்டுல மறுபடியும் பாத்தோம். அடுத்த வருசம் மூணாறு பக்கத்துக் கேப் ரோட்டுல மலையே சரிஞ்சு விழுந்துச்சு. 40-லேர்ந்து 45 வரைக்கும் போ. நடுவுல வழவழன்னு, ஓரத்துல மட்டும் மொட்டு இருக்கற டயராப் பாரு. பூரா மொட்டு வெச்சதை வாங்கினா தார் ரோட்டுல தேனீக் கூட்டம் தொரத்தற சத்தம் வரும், வேகம் மட்டும் வராது. இந்தப் பக்கம் வேலிக்காத்தான் முள்ளுக்கு டியூப் இல்லாத டயரும், ஓட்டையை அடைக்க உள்ள ஊத்தற பாலும் நல்ல காவல். ஆனா நம்ம வெயிலுக்கு அந்தப் பால் சீக்கிரம் வத்திப்போகும். அப்பப்ப ஊத்தோணும், அதுக்கும் சோம்பல்பட்டா டியூபே போட்டுக்க.

மட்கார்டு போட்டா அழகு கெட்டுப் போகும்னயாமே. வாஸ்தவம். இடவப்பாதி மழையில சேறு உன் முதுகுல இடுப்புலேர்ந்து கழுத்து வரைக்கும் கோலம் போடும், ஆபீசுல எல்லாரும் பாத்து ரசிக்கட்டும். அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள துலாவர்ஷம் வந்துரும், ரெண்டாம் கோலம். சின்னார்ல பாத்தா மழை மறைவு, கள்ளிச்செடியும் காஞ்ச புல்லும். அதே நாள் மேல மூணாறு ஒழுகிட்டிருக்கும். கீழ கிளம்பறப்ப வானத்தைப் பாத்து முடிவு பண்றவன் மேல நனைவான். அதனால மட்கார்டு மாட்டற ஓட்டை பிரேம்லயும் போர்க்குலயும் இருக்கான்னு கையால தொட்டுப் பாரு. இன்னொண்ணு, மட்கார்டு மாட்டின பெறகும் 40 டயருக்கு இடம் மிஞ்சுதான்னு கேளு. வெறும் டயருக்கு இடம் காட்டி ஏமாத்தறது கடையில வழக்கம்.

பிரேக்குல மட்டும் நான் விளையாட்டுப் பேச மாட்டேன். என் வண்டியில கம்பி பிரேக்கு. நனைஞ்ச ரிம்முல கட்டை வழுக்கும், மறையூர்ல பிடிச்சா உடுமலையில நிக்கும். உனக்கு டிஸ்க் வேணும். ஆயில்ல வேலை செய்யறது நல்லாப் பிடிக்கும், விரல் நோகாது. ஆனா ஆயில் ஒழுகினா எஸ்டேட் லயத்துல உனக்கு யாரு பாக்கறது? ஒயர் வெச்ச டிஸ்க் வாங்கு. ஒயர் எந்தப் பஞ்சர் கடையிலயும் கெடைக்கும், கட்டை மட்டும் ரெண்டு ஜோடி பையில கெடக்கட்டும். இறக்கத்துல மழையும் மணலும் சேந்து கட்டையைத் தின்னுரும்.

கீழ வளைஞ்ச ஹேண்டில்பாரைப் பாத்து ஊரே சிரிக்குது, எனக்கென்னமோ அது பிடிச்சிருக்கு. கஞ்சிக்கோட்டுல காத்தாலை சும்மாவா நட்டு வெச்சிருக்கான்? கணவாய்க் காத்து எதுக்க அடிக்கறப்ப நிமுந்து உக்காந்தவன் மிதிக்கறான், குனிஞ்சவன் போறான். பிரேம் ஸ்டீலோ அலுமினியமோ எதுவா இருந்தாலும் சரி. கார்பன் வேண்டாம், வாங்கினா நீ அதை ஓட்டறதை விடத் தொடைச்சுட்டிருக்கறதுதான் அதிகம். லைட்டு நல்லதா வாங்கு. பொழுது இறங்கினப்பறம் ஓட்டாம இருந்தா இன்னும் நல்லது. மூணாறுல படையப்பான்னு ஒருத்தர் இருக்காரு, காட்டு யானை, கொம்பு கொஞ்சம் பெருசு. அவருகிட்டப் போய் பெல் அடிச்சு வழி கேக்காதே.

கடைசியா கேரியர். இதுல மட்டும் என் சொந்தக் காரியம் கலந்திருக்கு, ஒளிக்கறதுக்கென்ன. பின்னாடி நான் உக்காந்து வேலந்தாவளம் வரைக்கும் வரலாம்னு நெனச்சேன். இப்பத்த கேரியர்ல 25 கிலோன்னு எழுதியிருக்கான், நான் அதுக்கு ரெண்டரை மடங்கு. சரி, எனக்கு இடமில்லைன்னா போகட்டும். ஒரு குடம் கள்ளு 25 கிலோவுக்குள்ளதான் வரும். ஷாப்பு திறக்கற நேரம் உனக்குத் தெரியுமில்ல? அப்பத்தா கேட்டா, வண்டி ஓடுதான்னு சோதிச்சுப் பாக்கப் போனேன்னு சொல்லு.