காஞ்சிப் பட்டும் ஜாஸும்

கேள்வி: லண்டனில் சின்ன வயதுப் பெண்கள் ஜாஸ் பாடியே பேர் வாங்குகிறார்கள். நம் பெண்களில் யாராவது உண்டா?
– ஒரு வாசகி, அம்பூரி

பதில்: 1969இலேயே உண்டு! சென்னை மவுண்ட் ரோடு, 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதி. பட்டுப்புடவை, தலையில் பூ, பெரிய பொட்டு சகிதம் மைக் பிடித்தார் உஷா ஐயர். (குடிக்க வந்தவர்களில் எத்தனை பேர் பெரியம்மா வந்துவிட்டதாக எண்ணி கிளாஸை மறைத்தார்களோ!) பள்ளியில், 'இந்தக் குரல் சேராது' என்று பாட்டு வகுப்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். நல்லவேளை, விடுதிக்காரர்களுக்குக் காது வேறு மாதிரி இருந்தது. பிறகு கல்கத்தா 'ட்ரின்காஸ்' விடுதி. அங்கே சந்தித்த ஜானி சாக்கோ உதுப்பை மணந்து உஷா உதுப் ஆனார். 'என்டே கேரளம்' என்ற மலையாளப் பாட்டு உங்கள் பக்கத்து ஒலிபெருக்கிகளுக்குப் புதிதா என்ன? அதே குரல்தான்.