மூண்டு ஸ்டேசன் தூரத்துத் தொலைக்கல்வி

தம்பி, நீ வணிகச் சட்டம் படிக்கப் போறாயெண்டு கொம்மா ரெலிபோனிலை சொன்னா. சந்தோசம். எங்கடை பரம்பரையிலை கோட்டுப் படி ஏறாத ஆளில்லை. ஆனால் எல்லாரும் வழக்காளியாய் ஏறி வெறுங்கையோடை இறங்கின ஆக்கள். வேலிக் கதியாலுக்கு வழக்குப் பேசி வளவையே வித்த கதை உனக்குத் தெரியும். அந்தப் பரம்பரையிலை ஒருத்தன் அப்புக்காத்துப் பக்கம் சாயிறானெண்டால் பெரியப்பு குறுக்கை நிப்பனே?

அதுவும் எல்.எல்.எம்மாம். வீட்டிலை இருந்தபடியாம். பட்டம் லண்டன் பல்கலைக்கழகத்தின்ரை. பாடத்தை அமைக்கிறது குயின் மேரியிலையும் யூ.சி.எல்லிலையும் உள்ள சட்டப் பேராசிரியர்மாராம். நல்லது. குயின் மேரி எங்கை கிடக்கு? மைல் எண்டிலை. நீ எங்கை கிடக்கிறாய்? ஃபாரஸ்ட் கேட்டிலை. எலிசபெத் லைனிலை ஏறினால் மேரிலண்ட், பேந்து ஸ்ட்ராட்ஃபர்ட், அங்கை இறங்கி சென்ட்ரல் லைனுக்கு மாறினால் அடுத்தது மைல் எண்ட். எண்ணிப் பார், மூண்டு ஸ்டேசன். மூண்டு ஸ்டேசன் தள்ளி இருந்துகொண்டு தொலைக்கல்வி படிக்கிற கெட்டிக்காரனை நான் இப்பத்தான் காணுறன்.

கோவிக்காதை மோனை. யோசிச்சுப் பார்த்தால் உன்னிலையும் பிழையில்லை. விடிய ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு ஷட்டர் இழுக்கிறவனுக்கு அந்த மூண்டு ஸ்டேசன் கொழும்புக்கும் லண்டனுக்கும் இடையிலை உள்ள தூரம்தான். உன்னைப் போலை ஆக்களுக்கு வெள்ளைக்காரன் எப்பவோ வழி வெட்டிப் போட்டான். லண்டன் பல்கலைக்கழகம் 1836 இலை பட்டயம் வாங்கினது. 1858 இலை புதுப் பட்டயம் வந்த கையோடை, கல்லூரி வாசலை மிதியாதவனும் சோதினை எழுதலாமெண்டு கதவைத் திறந்து விட்டுது. பேந்தென்ன, எங்கடை பக்கத்திலையும் லண்டன் மற்றிக்குலேசன், லண்டன் இன்டர், லண்டன் பி.ஏ. எண்டு விளக்குத் திரி கருகக் கருகப் படிப்புத்தான். 1921 இலை தொடங்கின கொழும்பு யூனிவர்சிட்டி கொலிச்சே இருபது வருசமாய் லண்டன் பட்டத்துக்குத்தான் பெடியளை ஆயத்தப்படுத்தினது.

தந்தை செல்வாவை எடு. ஈப்போவிலை பிறந்து தெல்லிப்பழையிலை வளர்ந்த மனுசன். 1918 இலை, இருபது வயதிலை, வெளிவாரியாய் லண்டன் பி.எஸ்சி. எடுத்தவர். பேந்து பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சுக்கொண்டே சட்டமும் படிச்சு, கொழும்பிலை சிவில் வழக்குக்குப் பேர்போன அப்புக்காத்தாய் வந்தார். அவரிட்டை வாட்ஸ்அப் இருக்கேல்லை. அது அவருக்குப் பெரிய உதவி.

உனக்கு விளம்பரத்திலை பிடிச்சது ‘நெகிழ்வு’ எண்டொரு சொல்லாம். விரும்பின நேரம் படிக்கலாம். விரும்பின பாடத்தை எடுக்கலாம். சான்றிதழோடை நிக்கலாம், டிப்ளோமா மட்டும் போகலாம், மூச்சுப் பிடிச்சால் எல்.எல்.எம். மட்டும் ஓடலாம். கேக்க வடிவாய்த்தான் இருக்கு. உன்ரை வீட்டுக்கு வடக்காலை வான்ஸ்டெட் பிளாற்ஸ் எண்டொரு வெளி கிடக்கெல்லோ, அதிலை 1990கள் மட்டும் மாட்டை அவிழ்த்து விட்டுத்தான் மேய்ச்சவை. கயிறுமில்லை, கட்டையுமில்லை. மாடு என்ன செய்தது? புல்லு நிறைஞ்ச வெளியை விட்டிட்டு நடுறோட்டிலை வந்து படுத்து பஸ்ஸை மறிச்சுது. நெகிழ்வுக் கல்வியும் உதுதான் தம்பி. உன்னைக் கட்ட ஒருத்தரும் வரமாட்டினம். நீ படிக்கேல்லை எண்டு வீட்டுக்குக் கடிதம் போடவும் ஆளில்லை. கட்டின காசு மட்டும் போன இடத்திலை பத்திரமாய் இருக்கும்.

கணக்கொண்டு போட்டுப் பார்ப்பம். இங்கிலாந்திலை முதுமாணிப் பட்டமெண்டால் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணித்தியாலப் படிப்பு. ஆக 1,800 மணித்தியாலம். கிழமைக்குப் பத்து மணித்தியாலம் ஒதுக்கினாலும் மூண்டரை வருசம் இழுக்கும். அதுவும் ஒரு கிழமையும் தவறாமல். சாமத்தியவீடு, ஐம்பதாவது பேர்த்டே, மனர் பார்க் முருகன் கோயில் தேர், ஆரோ ஒருத்தற்றை வீடு குடிபூரல் எண்டு ஒண்டுக்கும் போகாமல். நீ போகாமல் இருந்தாலும் கொம்மா விடுவாவே?

இன்னொண்டு. எல்.எல்.எம். கையிலை வந்த அண்டைக்கே கடைக்கு மேலை சொலிசிட்டர் போர்ட் கொழுவலாமெண்டு நினையாதை. 2021 செப்டெம்பரிலையிருந்து அதுக்கு எஸ்.கியூ.ஈ. எண்டொரு தனிச் சோதினை. முதல் கட்டத்திலை மட்டும் 360 கேள்வி, பேந்து இரண்டாம் கட்டம், அதோடை ரெண்டு வருச வேலை அனுபவம். நீ எடுக்கப் போற முதுமாணி இதிலை ஒண்டுக்கும் பதிலாகாது. இந்தியாவிலை இன்னும் இறுக்கம்; தபாலிலை எடுத்த சட்ட இளமாணியோடை போனால் பார் கவுன்சில் பதியவே விடாது. கலியாணக் காட்டிலை பேருக்குப் பின்னாலை போட உதவும். அதை நான் குறைச்சுச் சொல்லேல்லை, எங்கடை ஆக்களுக்கு அதுவும் ஒரு சொத்துத்தான்.

அப்ப படிக்க வேண்டாமெண்டு சொல்லுறனோ? இல்லை. கடைக்காரனுக்கு இதைவிட உபயோகமான படிப்பில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது வேறை காரியத்துக்கு. உன்ரை கடை லாச்சிக்குள்ளை அரைவாசிப் பாடத்திட்டம் பிரியாமல் கிடக்கு. கடலிலை போற கப்பலின்ரை சரக்குச் சீட்டைப் பற்றிப் படிக்க ஆயிரக்கணக்கிலை கட்டப் போறாய். நீ கையெழுத்து வைச்ச கடதாசியை இண்டைக்கு மட்டும் வாசிக்கேல்லை. உலக்கை போன இடம் தெரியாதவன் ஊசி போன இடத்தைத் தேட வெளிக்கிட்டானாம்.

கடை லீசை எடு. 1954 ஆம் ஆண்டுச் சட்டமொண்டிருக்கு, கடை வைச்சிருக்கிறவனுக்காக எழுதினது. லீஸ் முடிஞ்சாலும் உன்னை உடனை எழுப்பேலாது, புது லீஸ் கேக்க உனக்கு உரிமை இருக்கெண்டு சொல்லுது. ஆனால் அந்த உரிமை எனக்கு வேண்டாமெண்டு முதலே எழுதிக் குடுக்கவும் சட்டம் இடம் வைச்சிருக்கு. அதுக்கு நிலக்காரன் முதல் எச்சரிக்கை நோட்டீஸ் தரவேணும். லீசுக்குப் பதினாலு நாள் முந்தித் தராட்டில், எடுக்கிறவன் வேறையொரு சொலிசிட்டருக்கு முன்னாலை போய்ச் சத்தியம் பண்ணவேணும். என்ன சத்தியம்? நோட்டீசை வாசிச்சனான், அதாலை வாறதை ஒப்புக்கொள்ளுறன் எண்டு. கூலி ஐஞ்சு பவுண். உனக்கு ஞாபகமிருக்கோ, கடை எடுக்கிற அவசரத்திலை “பெரியப்பு, ஐஞ்சு பவுணோடை ஒரு சின்ன அலுவல் முடிஞ்சுது” எண்டு சொன்னனி. அதுதான் அது. வாசிக்காத கடதாசியை வாசிச்சனெண்டு சத்தியம் பண்ணிப் போட்டு, இப்ப சட்டம் படிக்கப் போறாய். சோதினையிலை நேர்மை எண்டொரு பாடம் வந்தால் இந்தக் கதையை எழுதிப் போடாதை.

வகுப்புத் தொடங்கினவுடனை உனக்கு ஒரு சப்பாத்துக்காரனைக் காட்டுவினம். ஆரன் சாலமன் எண்டு பேர். வைற்சாப்பல் ஹை ஸ்ட்ரீற்றிலை தோல் சப்பாத்து வியாபாரம் செய்த மனுசன். வைற்சாப்பலும் உனக்கு மூண்டாவது ஸ்டேசன்தான்; படிப்பெல்லாம் உன்ரை வாசலிலை கிடக்கு. 1892 இலை அவர் தன்ரை வியாபாரத்தைக் கொம்பனியாக்கினார். அந்த நாளையிலை கொம்பனிக்கு ஏழு பேர் வேணும். ஆளுக்கு எங்கை போறது? மனுசி, மகள், நாலு பெடியள், தான். ஏழு சரி. பங்கு 20,007, அதிலை 20,001 அவருக்கு, மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கொண்டு. எங்கடை ஆக்கள் ஆரோ சொல்லிக் குடுத்த மாதிரி இல்லையே? வியாபாரத்தைக் கொம்பனிக்கு வித்த காசிலை 10,000 பவுணுக்குக் கடன் பத்திரமும் தன்ரை பேரிலை எழுதி வைச்சார். அடுத்த வருசமே கொம்பனி படுத்திட்டுது. கடன் குடுத்த மற்றவை, உது கொம்பனியில்லை, உவர்தான் கொம்பனி எண்டு சண்டைக்கு வந்தினம். கீழ்க் கோடும் அப்பீல் கோடும் ஓமெண்டு தலையாட்டினது. 1896 நவம்பரிலை பிரபுக்கள் சபை எல்லாத்தையும் திருப்பிப் போட்டுது: கொம்பனி வேறை ஆள், சாலமன் வேறை ஆள். இண்டைக்கு உலகத்திலை இங்கிலீசுச் சட்டம் போன இடமெல்லாம் கொம்பனிச் சட்டம் அந்தச் சப்பாத்துக்காரனிலைதான் நிக்குது.

நீயும் அதை நம்பித்தான் ‘லிமிட்டெட்’ எண்டு போட்டாய். கடை நட்டப்பட்டால் கொம்பனிதான் நட்டப்படும், வீட்டை ஒருத்தரும் தொடேலாதெண்டு நினைச்சாய். நிலக்காரன் உன்னைவிட வலு சுழியன். பாங்குக்காரன் அவனிலும் சுழியன். ரெண்டு பேரும் உன்னட்டைப் பேர்சனல் கேரண்டி எண்டு ஒவ்வொரு கடதாசி வாங்கி வைச்சிருக்கிறாங்கள். அஞ்சு நியாயாதிபதிக்கு மேலை இருந்து சாலமனுக்குக் கட்டிக் குடுத்த மதிலை நீ ஒரு பேனையாலை இடிச்சுப் போட்டு, பாரம் இறங்கினமாதிரித் தேத்தண்ணி குடிக்கப் போனனி.

மச்சானோடை கூட்டு வைச்ச காலத்தை நான் கிளறேல்லை. ஒண்டு மட்டும் சொல்லுறன். நீ நாற்பதாயிரம் போட்டாய், அவன் பத்தாயிரம் போட்டான், எழுத்தொண்டும் இல்லை. 1890 ஆம் ஆண்டுக் கூட்டு வியாபாரச் சட்டம் அப்பிடியான இடத்திலை லாபத்தைச் சரிபாதி எண்டுதான் பிரிக்கும். அவன் கடைப் பேரிலை கடனுக்குச் சரக்கெடுத்தால் அது உன்ரை தலையிலும் விழும். அவன் சட்டம் படிக்கேல்லை. ஆனால் பாதி கேட்டான் பார்த்தியோ?

உந்தச் சட்டமெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்ததெண்டும் நினையாதை. எங்கடை தேசவழமையிலை ஈடு இருக்கு, நகை அடகு இருக்கு, மாட்டைக் கூலிக்கு விடுற முறை இருக்கு. ஒத்தி இருக்கு: காணியைக் குடுத்துக் காசு வாங்கினால் கடன் குடுத்தவன் வட்டிக்குப் பதிலாய் விளைச்சலை எடுப்பான். உன்ரை அப்பு புகையிலைத் தறையை ஒத்தி வைச்சுத்தான் கொப்பரைப் படிப்பிச்சவர். யாழ்ப்பாணத்திலை முப்பத்தேழு வருசம் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட ஒல்லாந்தத் திசாவை 1707 இலை அந்த வழமையை எழுதி எடுத்தார். எழுதினவுடனை சட்டமாக்கேல்லை. தமிழிலை மொழிபெயர்த்து, பன்னிரண்டு முதலிமாரிட்டைக் குடுத்து, அவை இருந்து வாசிச்சு ஓம், இது சரியெண்டு சொன்ன பிறகுதான். நூறு வருசம் கழிச்சு 1806 இலை இங்கிலீசுக்காரனும் அதை ஏற்றுக்கொண்டான். பன்னிரண்டு முதலிமாருக்கு வாசிக்கப் பொறுமை இருந்தது. உனக்கு லீஸ் எத்தினை பக்கமெண்டு தெரியுமோ?

ஆகவே இப்பிடிச் செய். காசு கட்ட முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வுட்கிரேஞ்ச் றோட் லைப்ரரி திறந்திருக்கிற நாளாய்ப் பார்த்து லாச்சியைக் கவிட்டுக் கொண்டு போ. ஞாயிறு பூட்டெண்டால் சனி போ. கடையை மனுசி பார்ப்பா, அவ உன்னைவிட வடிவாய்ப் பார்க்கிறவ. லீசை முதல் வாசி. பிறகு கேரண்டி. எத்தினை வருசம், எவ்வளவு காசு, லீசை வேறை ஆளுக்கு மாத்தினாலும் உன்னைத் துரத்துமோ எண்டு பார். விளங்காத இடத்திலை கோடு போடு. அந்தக் கோடுகள்தான் எந்தப் பாடம் எடுக்கவேணுமெண்டு உனக்குச் சொல்லும். கப்பல் சட்டத்தைப் பேந்து பார்க்கலாம். உனக்கு வாற சரக்கு ஈஸ்ட் ஹாமிலையிருந்து வானிலைதான் வருது.

கடைசியாய்ப் பிணை விசயம். இங்கிலாந்திலை 1677 ஆம் ஆண்டுச் சட்டமொண்டு இன்னும் உயிரோடை கிடக்கு. ஒருத்தற்றை கடனுக்கு மற்றவன் பிணை நிண்டதெண்டு வழக்குப் போட எழுத்து வேணும், கையெழுத்து வேணும். வாயாலை சொன்னது செல்லாது. 2012 இலை அப்பீல் கோடு மின்னஞ்சலும் எழுத்துத்தான், கடைசியிலை தட்டின பேரும் கையெழுத்துத்தானெண்டு சொல்லிப் போட்டுது. அதாலை படிப்புக்குக் கடன் எடுக்க ஆராவது பிணை கேட்டால் எனக்கு மெசேச் ஒண்டும் போடாதை மோனை. ரெலிபோன் எடு. பெரியப்பு அந்த இடத்திலேயே ஓமெண்டு சொல்லுவன்.